குடுக்கைக் கணக்கு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அலுவலகத்தில் அவள் அவசரக்குடுக்கை. அதையும் முழுதாகச் சொல்லப் பொறுமையில்லாமல் குடுக்கை என்று சுருக்கிவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதற்கு ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே.

எட்டாம் மாதமே பிறந்துவிட்டவள். வயிற்றுக்குள்கூட இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை என்று அவள் அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு வெளியே ஓடிவருவாள். கேள்வித்தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது என்பதை அப்புறம் வந்த தோழிகள் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். குடும்பப் படங்களில் அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல் தெரியும். சாப்பிடுவது நின்றுகொண்டுதான். சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு கிளம்பிவிடுவாள். மீதிக் கதையை யாராவது சொல்ல வந்தால், "அதெல்லாம் வேணாம், கடைசியில என்ன ஆச்சு, அதைச் சொல்லு" என்பாள்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். "ஊர்ல எல்லாரும் லிப்ட் எப்ப சரியாகும்னு என்னைத் திட்டிக்கிட்டு நிப்பாங்க. இவ மட்டும் நான் ஸ்பேனரை எடுக்கிறதுக்குள்ள மாடி ஏறிப் போயிருப்பா" என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

இப்படிப்பட்டவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவதுதான் வேலை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் வேலை. முன்பு கூரியரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்ன கேம் கம்பெனிக்குப் பார்சல் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய ஆள் உள்ளே போனவர் வரவில்லை. இவளால் சும்மா நிற்க முடியுமா? மேசைமேல் கிடந்த கன்ட்ரோலரை எடுத்து எதையோ அமுக்கினாள். அவர் பேனாவோடு திரும்பி வருவதற்குள் திரையில் இருந்த வீரன் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த அந்தச் சுவர் ஓட்டையை அங்கிருந்த நாலு பேரும் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். பார்சல் கொடுக்க வந்தவளை முதலாளி வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

முதலாளி நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முன்பு அவர் வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். கடைக்கு வருகிறவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இது எவ்வளவு நேரம் ஓடும்?" என்பதுதானாம். கடையை மூடிய பிறகும் அந்தக் கேள்வி அவர் காதைவிட்டுப் போகவில்லை. இப்போது கேம் வாங்குகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். ஒரு சிரிப்புத் துணுக்கு எத்தனை வரி என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நல்ல தூக்கம் எத்தனை முழம் என்று யாரும் அளப்பதில்லை. கேமுக்கு மட்டும் அட்டைப்பெட்டியில் மணிக்கணக்குப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் கொடுத்த காசு வீண் என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்த மணிக்கணக்கை அந்தக் கம்பெனியில் எடுத்த விதம்தான் வேடிக்கை. புது ஆட்டம் தயாரானதும் குடுக்கை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஆட வேண்டும். அதற்கு முன் அந்த ஆட்டத்தை அவள் கண்ணால் பார்த்திருக்கக் கூடாது. ஆடும்போது யாரும் அவளிடம் பேசக் கூடாது, வழி சொல்லக் கூடாது. அவளுக்கு ஆகிற நேரத்தை இரண்டால் பெருக்கினால், சாதாரணமாக வாங்கி ஆடுகிற ஒருவருக்கு ஆகிற நேரம். ஆரம்பத்தில் விளையாட்டாகச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது அச்சாகப் பொருந்தி வந்தது. வாங்கியவர்கள் பாதி வேகத்தில் ஆடினார்கள், அவ்வளவுதான். அதிலிருந்து அதற்குக் குடுக்கைக் கணக்கு என்றே பெயர். பெட்டியில் அச்சடிக்கிற எண் அவள் கையிலிருந்து வருகிறது என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பிறந்ததிலிருந்து எதற்காகத் திட்டு வாங்கினாளோ, அதற்கு ஓர் இடத்தில் மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த அறையிலேயே இன்னொருத்தி இருந்தாள். எல்லாரும் அவளை டீச்சர் என்பார்கள். நிஜமாகவே கணக்கு டீச்சராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். மூன்று வருடமாக ஒரே ஓர் ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தாள். குடுக்கை பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, நடுவில் ஓர் இரும்பு பீரோவையும் நிறுத்தியிருந்தாள். மூன்று வருடமாகக் குடுக்கைக்குத் தெரிந்ததெல்லாம் பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் தண்ணீர்ச் சத்தம்தான்.

அந்த ஆட்டம் முடிந்தது என்று டீச்சர் சொன்ன அன்று முதலாளி அதை மேலோட்டமாகப் பார்த்தார்: ஓர் ஆறு, ஒரு படகு. பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா சின்னதா இருக்கும்போல இருக்கே. பத்து மணி நேரமாவது வரலைன்னா கடைக்காரங்க கையில தொட மாட்டாங்க."

"எவ்வளவு வேணுமோ அவ்வளவு இருக்கு சார்."

"நான் ஒண்ணு சொல்றேன். ஆத்துல அங்கங்க சிப்பி போடுங்க. ஒரு நூறு சிப்பி. நூறையும் பொறுக்கினாத்தான் கடைசிக் கரை திறக்கும்னு வைங்க. தானா நீளம் வந்துரும்."

"அது ஜவ்வு சார். சிப்பி பொறுக்க ஆரம்பிச்சா மனுஷன் தண்ணியைத்தான் பாப்பான். படகுல உக்காந்திருக்கிறவங்கள யாரு பாப்பாங்க?"

"துணி வாங்குறவன்கூட நீளம் பாத்துத்தானே வாங்குறான்?"

"கிழியுமான்னும் இழுத்துப் பாக்குறான்ல?"

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் குடுக்கைக் கணக்குக்கு விட்டுவிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். பத்துக்குமேல் வந்தால் ஆட்டம் இருக்கிறபடியே போகும். வராவிட்டால் நூறு சிப்பி. டீச்சர் பீரோவைத் தாண்டி வந்து குடுக்கையின் மேசையில் அந்த ஆட்டத்தை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது.

ஆட்டம் இதுதான். நீங்கள் ஓர் ஆற்றில் படகோட்டி. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் ஏறுவார். அவரை அக்கரையில் இறக்கிவிட வேண்டும். ஆள் ஏறியதும் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பிப்பார். சண்டை கிடையாது, எதிரி கிடையாது, துடுப்பு மட்டும்தான். குடுக்கை வழக்கம்போல எடுத்த எடுப்பிலேயே விரட்டினாள். முதலில் ஏறியவர் தன் ஆட்டுக்குட்டிக்கு என்ன வியாதி என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. "சரி, நான் வரேன்" என்று இறங்கிப் போய்விட்டார். இரண்டாவது ஆளும் அப்படியே. பேச்சு பாதியில் நின்றதை அவள் கவனிக்கவேயில்லை.

மூன்றாவதாக ஒரு பெண் வெறும் கிளிக்கூண்டோடு ஏறினாள். பாதி ஆறு வந்ததும் பேசினாள்: "இதுல இருந்த கிளியை நானேதான் கொண்டுபோய்க் குடுத்தேன். இப்ப நானே போயி திருப்பிக் கேக்கப் போறேன். ஏன் குடுத்தேன்னா..." படகு கரையில் முட்டியது. "வந்துருச்சா, சரி" என்று அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

குடுக்கை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள். ஏன் குடுத்தாள்? பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்த்தாள். திரும்பக் கூப்பிட வழியில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: தான் மெதுவாக வந்திருந்தால் அவள் சொல்லி முடித்திருப்பாள். அடுத்த ஆள் ஏறியபோது குடுக்கை துடுப்பைத் தண்ணீரில் வைக்கவே பயந்தாள். அவர் பேசப் பேச, படகைச் சும்மா மிதக்கவிட்டாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம், படிக்கட்டில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் மறுபடி ஏறினாள். கூண்டு அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தது. குடுக்கை துடுப்பைத் தூக்கிவிட்டுக் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் சொன்னாள். அந்தக் கிளி அவள் புருஷனுடையது. அவன் கடைசி வருடமெல்லாம் இருமிக்கொண்டே கிடந்தான். கிளி அந்த இருமலைப் பழகிக்கொண்டது. அவன் போன பிறகும் விடியற்காலையில் கூண்டுக்குள்ளிருந்து அவன் இருமினான். தாங்க முடியாமல் அக்கரையில் ஒரு வீட்டில் கிளியைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. கேட்டு வாங்கிவரலாம் என்று போனால், அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது. கிளி இப்போது அந்தக் குழந்தை மாதிரி சிரிக்கப் பழகியிருந்தது. இருமல் மறந்துவிட்டது. "அதான் வெறுங்கூண்டோட வரேன்" என்றாள். குடுக்கை அப்புறமும் துடுப்பை எடுக்கவில்லை. ஆறு தானாகவே படகைக் கொண்டுபோய்க் கரையில் சேர்த்தது.

ஆட்டம் முடிந்தபோது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வாயெல்லாம் பல். "ஆறா? அப்ப பன்னிரண்டு. டீச்சர், நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஒரு சிப்பியும் வேணாம்." டீச்சர் பீரோவில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள். மூன்று வருடமாக அந்த அறையில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று டீ வாங்கிவந்தது முதலாளியே.

டீயைக் குடித்துவிட்டுக் குடுக்கை பஸ் ஏறினாள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் மண்டைக்குள் ஒரு முள் குத்தியது. ஆறு மணி நேரம் என்பது சரி. ஆனால் அதை எதற்கு இரண்டால் பெருக்க வேண்டும்? தான் அவசரப்படுகிறவள் என்பதற்காகத்தானே பெருக்குகிறார்கள்? இன்றைக்குத் தான் அவசரப்படவேயில்லையே. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றை முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறாள். வாங்குகிறவன் அப்படிக் கேட்பானா? அவன் துடுப்பை அடித்து விரட்டினால் ஆட்டம் எவ்வளவு நேரம் நிற்கும்?

வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. சொன்னால் டீச்சரின் ஆற்றில் நூறு சிப்பி விழும். சொல்லாவிட்டால் பெட்டியில் பன்னிரண்டு என்று அச்சாகும்; வாங்கியவன் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டு, மோசடிக் கம்பெனி என்று ஊர் முழுக்கச் சொல்லுவான். இந்தச் சின்னக் கம்பெனி அதற்கப்புறம் எழுந்திருக்காது, டீச்சரின் ஆட்டத்தையும் யாரும் தொட மாட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். இந்தச் சுவரில் ஓட்டையும் இல்லை.

வீட்டில் மாமனார் டிவிக்கு முன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நிஜ லாரி இல்லை. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். மாமியார் போன பிறகு பகலெல்லாம் அவருக்கு ஒரே வேலை, கேமில் சரக்கு லாரி ஓட்டுவதுதான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போவார். போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து சிமென்ட். அந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. வளைவில் திரும்பும்போது உடம்பையும் சேர்த்துத் திருப்புவார்.

"மாமா, இந்த கேம் எவ்வளவு தூரம் போகும்? சலிக்கலையா?"

"எதுக்குச் சலிக்கணும்? முடிஞ்சு போச்சுன்னாத்தான் பிரச்சினை. சாயங்காலம் வரைக்கும் நான் என்ன பண்ணுவேன்?"

"ஒரே ரோடுதானே மாமா?"

"நான் வேலை பாத்த காலத்துலயும் ஒரே ரோடுதான்மா."

அவளால் இரண்டு நாளுக்குமேல் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் விடுமுறை. செய்யக் கூடாததைச் செய்தாள். டீச்சரின் ஆட்டத்தை முந்தின நாளே லேப்டாப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, காலைச் சாப்பாடு ஆனதும் மாமனார் முன்னால் வைத்தாள். படகு ஓட்டுகிற கேம் என்று மட்டும் சொன்னாள்.

"படகா? பஸ் மாதிரிதானே, தண்ணியில போகுது" என்று அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

அதுதான் வினையாகப் போயிற்று. காலம் பூராவும் நேரத்துக்கு வண்டி எடுத்து நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒரு நாளும் தாமதம் என்று பேர் வாங்காதவர். படகையும் அப்படியே எடுத்தார். ஆள் ஏறி உட்கார்ந்தாரோ இல்லையோ, துடுப்பு பறந்தது. குடுக்கை சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒரு துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மெதுவாகப் போங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கூண்டுக்காரி இரண்டாம் தடவை ஏறியபோது அவள் துணியை வாயில் வைத்துக் கடித்தேவிட்டாள். படகு கரையில் முட்டியது. கூண்டுக்காரி இறங்கிப் போனாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. மாமனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சு போச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சு மாமா. எப்படி இருந்துச்சு?"

"ஆறு நல்லா இருந்துச்சு. கேம் பொசுக்குன்னு இருக்கு." லேப்டாப்பை மெல்ல மூடினார். "எல்லாரும் பாதிப் பேச்சுலயே எறங்கிப் போயிட்டாங்க. பஸ்லயும் அப்படித்தான். எனக்குப் பின்னாடி உக்காந்து பேசிட்டு வருவாங்க, நல்ல இடம் வரும்போது அவங்க ஸ்டாப் வந்துரும். அந்தக் கூண்டு வச்சிருந்த அம்மா என்னமோ சொல்ல வந்தாங்க. என்னன்னு தெரியலை." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

குடுக்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமனாரைவிடச் சாதாரணமாக வாங்கி ஆடுகிற ஒருவரை எங்கே போய்த் தேடுவது? பன்னிரண்டு இல்லை, மூன்று. அன்று மத்தியானம் அவள் பரிமாறியதில் ஒன்றில் உப்பே இல்லை, ஒன்றில் இரண்டு தடவை போட்டிருந்தாள். இரண்டையும் கலந்து சாப்பிட்டால் சரியாக இருக்கிறது என்று கணவன் கிண்டல் செய்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை படிக்கட்டிலேயே டீச்சரை மறித்தாள். போட்டு உடைத்துவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனது, மாமனார் ஆடியது, மூன்று மணி நேரம், தன் கணக்கு இந்தத் தடவை பொய் என்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ சும்மா இருந்திருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"இருக்க முடியலை டீச்சர். மூணு நாளா முள்ளு மேல நிக்கிற மாதிரி இருக்கு."

"உன்னால எப்பத்தான் சும்மா இருக்க முடிஞ்சுது?" என்றாள் டீச்சர். "மூணு வருஷம். உன் ஒருத்தி கையிலதான் அது தப்பிச்சுதுன்னு நெனச்சேன். இப்ப நீயே அதைப் பிடிச்சுக் குடுக்கிறே."

குடுக்கை அழுதுவிட்டாள். அழுகையும் அவளுக்கு அவசரமாகத்தான் வந்து போகும். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேறு குரலில் கேட்டாள்: "ஆறு மணி நேரம் எப்படி ஆச்சு? நீ எங்க துடுப்பை விட்டே?"

"முழுசா விட்டது கூண்டுக்கார அம்மா ரெண்டாவது தடவை ஏறினப்போ. அவங்க பேசி முடிச்சப்புறமும் எடுக்கலை."

டீச்சர் இரண்டு படி ஏறினாள். அங்கிருந்து திரும்பி, "வா, ரெண்டு பேருமா சொல்லிருவோம்" என்றாள்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பெட்டி அச்சுக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது. "உன்னை நம்பித்தானேம்மா எல்லாப் பெட்டிக்கும் எண் போடுறேன்" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "வேற வழியில்லை டீச்சர். சிப்பி."

"போடுறேன் சார்" என்றாள் டீச்சர். எங்கே போடுவது என்று மட்டும் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்றாள். முதலாளிக்கு நூறு இருந்தால் போதும்.

ஒரு வாரம் பீரோவுக்கு அந்தப் பக்கம் டீச்சர் யாரோடும் பேசவில்லை. குடுக்கை அந்த வாரம் முழுக்க அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் தரை தேய்ந்துவிடும் என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிப்பி வேலை முடிந்ததும் அளப்பது யார் என்ற கேள்வி வந்தது. குடுக்கைக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே. முதலாளி யோசித்தார்.

"உங்க மாமனாரையே கூட்டிட்டு வா. முன்னாடி அளந்த கையாலயே இதையும் அளந்தாத்தான் எவ்வளவு நீண்டிருக்குன்னு தெரியும். அவரு பத்துக்கு வந்தாருன்னா பெட்டியில பத்துன்னு கண்ணை மூடிட்டுப் போட்டுருவேன்."

மாமனார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். குடுக்கையின் நாற்காலியில் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்தார். பக்கத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு தரம் வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் படகை எடுத்தார். முதலாளி ஒரு பக்கம், டீச்சர் பீரோவை ஒட்டி, குடுக்கை பின்னால். யாரும் வாய் திறக்கக் கூடாது. நூறு சிப்பி பொறுக்க வேண்டும் என்பதைத் திரையே சொன்னது.

முதல் கரைக்கு அவர் வழக்கம்போலப் பறந்தார். சிப்பி பூஜ்யம். இரண்டாவது கரை, அதுவும் பூஜ்யம். ஆற்றில் ஒரு சிப்பியும் தென்படவில்லை. முதலாளி டீச்சரை முறைத்தார். நடு ஆற்றில் மாமனார் கையைத் தளர்த்திக் குனிந்து தண்ணீரில் தேடினார். துடுப்பு நின்றது. அலை அடங்கியது. அடங்கிய தண்ணீரிலிருந்து ஒரு சிப்பி மெல்ல மேலே வந்தது. அவர் துடுப்பைப் போட்டதும் அது உள்ளே போய்விட்டது.

டீச்சர் செய்திருந்த வேலை அப்போதுதான் குடுக்கைக்குப் புரிந்தது. படகு நின்றால்தான் சிப்பி. சும்மா நின்றாலும் போதாது, கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மாமனாரும் புரிந்துகொண்டார். நின்று நின்று போனார். எண்ணிக்கை ஏறியது, நேரமும் ஏறியது. முதலாளியின் முகம் தெளிந்தது. ஆனால் டீச்சரின் முகம் தெளியவில்லை. மாமனாரின் கண் தண்ணீரிலேயே இருந்தது. பக்கத்தில் ஆள் பேசப் பேச, அவர் உதடு சிப்பியை எண்ணிக்கொண்டிருந்தது. மறுபடி ஏறிய ஆட்டுக்குட்டிக்காரர் வியாதியின் பெயரைச் சொல்லி முடித்தார். மாமனார் "பதினாலு" என்றார். டீச்சர் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. குடுக்கையால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. இதைச் செய்தவள் தான்தானே.

சாப்பாட்டு இடைவேளை விட்டு, மறுபடி ஆரம்பித்து, மத்தியானம் சாயும் நேரத்தில் கூண்டுக்காரி இரண்டாம் தடவை ஏறினாள். மாமனார் நடு ஆற்றில் படகை நிறுத்தினார். தண்ணீர் அடங்கியது. கூண்டுக்காரி பேச ஆரம்பித்தாள்: கிளி, புருஷன், இருமல். ஒரு சிப்பி மேலே வந்தது. பெரியது, பளபளவென்று, கை நீட்டினால் எடுத்துவிடலாம். மாமனார் எடுக்கவில்லை. குடுக்கை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கன்ட்ரோலர் அவர் மடியில் கிடந்தது. சிப்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அமிழத் தொடங்கியது.

அவளால் பொறுக்க முடியவில்லை. பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"மாமா, சிப்பி போகுது மாமா."

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி அவளை அடக்கினார்.

"போகட்டும்மா. அந்தம்மா பேசிட்டு இருக்காங்கல்ல."